இரண்டாவது ஜெபம்

பத்தொன்பது மணி இருபது நிமிடம். லைட்மேன் சாரத்திலிருந்து விழுந்தபோது நாங்கள் தொடர்ந்து வேலை செய்திருந்த நேரம் அது. முந்தைய நாள் மாலை நான்கு மணிக்குத் தொடங்கினோம். அவர் விழுந்தது மறுநாள் காலை பதினொன்று இருபதுக்கு, நல்ல வெயிலில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

வேலை நேரத் தாளில் ஏழு மணி இருபது நிமிடம் என்று இருக்கிறது. தாளை எழுதுவது என் வேலை.

எங்கள் கம்பெனி கிறிஸ்தவப் படங்கள் எடுக்கும். ஆலய மண்டபங்களிலும் பள்ளிகளிலும், அதிர்ஷ்டம் இருந்தால் டிவியிலும் ஓடும் படங்கள். முதல் ஷாட்டுக்கு முன்னால் நடிகர், மேக்கப், டிரைவர், சமையல்காரர் என்று யூனிட் முழுவதும் வட்டமாக நின்று ஜெபம் செய்வோம். ஆமென் என்றதும் நான் கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் நேரம் குறிப்பேன். எங்களுக்கு நாள் தொடங்குவது அந்த ஆமெனில்தான்.

மூன்றாவது படத்திலிருந்து இன்னொரு வழக்கம் சேர்ந்தது. பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் காட்சி முடியவில்லை என்றால், மறுபடி வட்டமாக நிற்போம். மறுபடி ஜெபம், மறுபடி ஆமென். நான் புதுத் தாள் எடுப்பேன். கணக்கில் அது வேறு நாள்.

சினிமாத் தொழிலாளர் சங்கத்தின் விதி எளிமையானது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்த ஆளை உயரத்தில் ஏற்றக்கூடாது. ஏற்றி, அவர் விழுந்தால் தப்பு கம்பெனியுடையது. அதற்கு முன்பே விழுந்தால் ஆளுடைய கவனக்குறைவு. கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் அவருடைய சங்க அட்டை பறிபோகும். அட்டை இல்லாதவரை எந்தப் படப்பிடிப்பிலும் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். விழுந்தவர் இருபத்தாறு வருடமாக விளக்குத் தூக்குகிறவர். உயரமும் ஒல்லியும் பார்த்து எல்லோரும் அவரைக் கம்பம் என்று கூப்பிடுவோம்.

வெள்ளிக்கிழமை சங்கத்தில் விசாரணை. புதன்கிழமை காலை தயாரிப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எல்லோருக்கும் அவர் ஐயா. பாடகர் குழுவை நடத்தியவர். குரலைத் தாழ்த்திப் பேசினாலும் அடுத்த அறை வரைக்கும் கேட்கும்.

"வாம்மா லேப். உட்காரு."

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் சாமான் அறையில் இருந்த எல்லாப் பெட்டிகளிலும் தேதி போட்டுச் சீட்டு ஒட்டினேன். வேதியியல் படித்தவளின் பழக்கம். அன்றிலிருந்து என் பெயர் லேப்.

"விசாரணைக்கு ஒரு கடிதம் தயார் பண்ணியிருக்கேன். படிச்சுட்டு ஒரு கையெழுத்து போட்டுடு."

படித்தேன். வேலை தொடங்கி ஏழு மணி இருபது நிமிடம் ஆன நிலையில், பாதுகாப்புப் பட்டையை மாட்டத் தவறியதால், மேற்படி நபர். கம்பத்துக்குக் கடிதத்தில் 'மேற்படி நபர்' என்று பெயர்.

கடிதத்துக்குக் கீழே இன்னொரு தாள் இருந்தது. நான் இரண்டு வருடமாகத் தயார் செய்துகொண்டிருக்கும் திரைக்கதையின் முகப்பு. சிறையில் இருக்கும் மகனைப் பார்க்க ஒவ்வொரு வாரமும் போகும் ஒரு தாயின் கதை. தயாரிப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் என் பெயர் இருந்தது.

"இது எப்ப ஐயா அடிச்சீங்க?"

"நேத்துதான். பாக்க அழகா இருக்குல்ல?"

அழகாகத்தான் இருந்தது. உடனே பார்வையை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. எடுக்க முடியவில்லை.

"அவர் பட்டையை மாட்டலைங்கறது உண்மைதானே?" என்றார்.

"உண்மைதான் ஐயா. ஏன் மாட்டலைன்னு இதுல இல்லையே."

"ஏன்னு யாரும் கேக்கலையே."

"பத்தொன்பது மணி நேரம் ஐயா."

"தாள்ல ஏழு."

"தாளை நான்தான் எழுதுனேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீதான் எழுதுன." ஐயா பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் வைத்தார். "இது கடவுளோட ஊழியம்மா. ஒரு ஆளுக்காக ஊழியத்துக்கே கெட்ட பேரு வரணுமா?"

"தொலைஞ்ச ஒரு ஆட்டுக்காக மேய்ப்பன் தொண்ணூத்தொன்பதையும் விட்டுட்டுப் போனதா நம்ம ரெண்டாவது படத்துல காட்டினோமே ஐயா."

அது என் வாயிலிருந்து வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. அந்த அலுவலகத்தில் நான் ஒரு முழு வாக்கியம் பேசினாலே தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

ஐயா சிரித்துவிட்டார். "பூனை மாதிரி இருந்துட்டு பாயறியே! இங்க பாரு. இந்தக் கடிதம் உன்னைக் காப்பாத்தத்தான். புரியுதா?"

புரிந்தது. அவர் சொல்லாமல் விட்டதும் நான் சொல்லாமல் வைத்திருந்ததும் ஒன்றுதான்.

"கையெழுத்து போடமாட்டேன் ஐயா."

"அப்ப உன் படம்?"

"எடுப்பேன்."

"யாரு கேமராவுல? எந்த யூனிட்டை வச்சு?"

"தெரியல."

"போய் நல்லா ஜெபம் பண்ணி யோசி."

"பண்ணிட்டுத்தான் ஐயா வந்தேன்."

வெளியே வந்தேன். படிக்கட்டில் சற்று நேரம் உட்கார்ந்தேன். பட்டம் வாங்கிய வருடம் ஒரு மண்டபத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் புரொஜெக்டர் நின்றுபோனது. நாற்பது நிமிடம் இருட்டு. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அந்தக் கதையில் வந்த பெண்ணுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் போக யாருக்கும் மனம் இல்லை. அன்றைக்குத்தான் இந்த வேலையைக் கடவுளிடம் கேட்டேன். அவர் கொடுத்தார். ஐயா கொடுத்ததாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆகவே ஐயா பிடுங்கிக்கொள்வார் என்று பயப்படவும் காரணம் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஐந்து வரை. கம்பத்தின் வலது காலைத் தூக்கிக் கட்டி, கயிற்றின் நுனியில் இரண்டு இரும்பு எடைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"பாத்தியா தங்கச்சி," என்றார். "இருபத்தாறு வருஷமா நான் லைட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். இப்ப என்னையே கட்டித் தொங்கவிட்டுட்டானுங்க."

அவர் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு குவியல் சட்டை. தையல் கடை வேலையை இங்கேயே கொண்டுவந்துவிட்டிருந்தார். "இவருக்கு வாய் மட்டும் உடையல," என்றார்.

"எப்படி அண்ணே விழுந்தீங்க? பட்டை கையிலதானே இருந்துச்சு?"

"கையிலதான் இருந்துச்சு. மாட்டுனேன்னுதான் நினைச்சேன். அந்த நேரத்துல எதை மாட்டுனேன், எதை நினைச்சேன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டாவது ஜெபத்துலயே நான் போயிட்டேன். கண்ணை மூடுனவன் தொறக்கல. பக்கத்துல இருந்தவன் முழங்கையால ஒரு இடி இடிச்சான். உடனே ஆமென்னு கத்துனேன் பாரு, உங்க ஆளுங்களே திரும்பிப் பாத்தாங்க."

"ஆமா, பெரிய பக்தி," என்றார் மனைவி.

"ஆமென் சொன்னாத்தானடி டீ வரும்."

நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ஏம்மா, நான் சர்ச்சுக்குப் போறவ இல்ல. தெரியாமத்தான் கேக்கறேன். உங்க கடவுளுக்குக் கடியாரம் பாக்கத் தெரியாதா? கண்ணை மூடித் தொறந்தா பன்னெண்டு மணி நேரம் அழிஞ்சு போயிடுமா? அவர் என்ன சிலேட்டா வச்சிருக்காரு?"

"அவருக்குத் தெரியும் அண்ணி."

"அப்ப எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சது இந்த ரெண்டாவது ஜெபத்தை? ஆளைச் சொல்லு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்."

"விடு," என்றார் கம்பம். "அது பாவம், தாளெழுதற பொண்ணு. வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்காது."

அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். இரும்பு எடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மௌனத்தை அவர்கள் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள். கூச்சம் ஒரு நல்ல மறைவிடம். நான் பல வருடமாக அதில் குடியிருக்கிறேன்.

கம்பம் குரலைத் தாழ்த்தினார். "கையெழுத்து போட்டுடு தங்கச்சி. ஐயா ஆள் விட்டுச் சொல்லிட்டாரு. உன் படமாவது வரட்டும். எனக்கு இந்தக் கால் கூடுறதுக்கே மாசக்கணக்காகும்."

"கால் கூடுனதும்?"

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் படத்துக்கு லைட் யாரு அண்ணே வைக்கிறது?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணி ஊசியைச் சட்டையில் குத்தி நிறுத்திவிட்டு, அவருடைய நல்ல காலின் மேல் கையை வைத்தார்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றைத் தவிர.

"படிச்ச படிப்புக்கு ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போயிருக்கலாம்ல?" என்றாள்.

"அங்க மட்டும் பொய்க் கையெழுத்து கேக்கமாட்டாங்களா?"

"கேப்பாங்க. ஏசி போட்ட ரூம்ல கேப்பாங்க."

பிறகு என் வெள்ளைச் சட்டையைத் தனியாக எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். "நாளைக்கு இதைப் போட்டுக்கோ. தலையைக் குனிஞ்சுக்கிட்டு மட்டும் பேசாதே. முகம் பாக்காம பேசினா நிஜம்கூடப் பொய் மாதிரி இருக்கும்."

சங்க அலுவலகம் இரண்டாவது மாடியில். ஒரு நீள மேசை, ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறி, ஒன்றோடொன்று பொருந்தாத ஏழு நாற்காலிகள். செயலாளர் ஒரு மேக்கப் கலைஞர். முப்பது வருடம் அடுத்தவர் தலைக்கெல்லாம் சாயம் அடித்தவர், தன் தலையை நரைக்க விட்டிருந்தார். ஒரு பக்கம் ஐயா. எதிர்ப்பக்கம், கணவருக்குப் பதிலாக வந்திருந்த அண்ணி.

"தாளெழுதுனது யாரு?" என்றார் செயலாளர்.

"நான்."

"இந்த ஃபேன் சத்தத்துல கேக்கல. சத்தமா."

எழுந்து நின்றேன். "நான்தான் எழுதுனேன். ரெண்டு தாள் இருக்கு. உங்ககிட்ட இருக்கறது ரெண்டாவது. இது முதல் தாள்."

ஐயா என்னைப் பார்ப்பது தெரிந்தது. தாளைச் செயலாளர் முன் வைத்தேன். என் கையெழுத்து இரண்டிலும் ஒரே மாதிரி, அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

"ரெண்டும் ஒரே வேலைங்க. நடுவுல யாரும் வீட்டுக்குப் போகல. தூங்கல. ஜெபம் பண்ணோம், டீ குடிச்சோம். பதினஞ்சு நிமிஷம்."

"ஜெபம் பண்ணா நாள் மாறிடுமா?"

"மாறாதுங்க. மாறுன மாதிரி எழுதுனேன்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தத் தொழில்ல நான் பாக்காத தில்லாலங்கடி இல்ல. செத்தவனுக்குச் சம்பளம் எழுதுனதைப் பாத்திருக்கேன். இது புதுசு."

"யாரையும் கட்டாயப்படுத்தலைங்க," என்றார் ஐயா. "களைச்சுப் போனவங்களுக்கு ஜெபம் ஒரு தெம்பு."

"அந்தத் தெம்புலதான் பறந்தாரு எங்க வீட்டுக்காரரு," என்றார் அண்ணி.

"ஐயா, ஜெபத்தை இதுல இழுக்காதீங்க," என்றேன். என் குரல் உயர்ந்தது. இறக்க நான் முயலவில்லை. "ஜெபம் எந்தத் தப்பும் பண்ணல. நாமதான் நம்ம பொய்யை நிக்க வைக்க அதை ஆணியா அடிச்சோம். கடவுள் பேரைச் சொல்லிப் படம் எடுக்கற நாம மத்த கம்பெனிக்காரனைவிட ஒரு நிமிஷம் முன்னாடியே வேலையை நிறுத்தியிருக்கணும். ஏழு மணி நேரம் பிந்திட்டோம்."

செயலாளர் இரண்டு தாள்களையும் ஒன்றாக வைத்துக் குத்தினார். பிறகு பதிவேட்டில் எழுதியபடியே சத்தமாகப் படித்தார். வேலை நேரம் பத்தொன்பது மணி இருபது நிமிடம். தப்பு கம்பெனியுடையது. அட்டைக்குப் பாதிப்பு இல்லை.

அண்ணி முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு எழுதணும்," என்றார் செயலாளர். "இந்த ரெண்டாவது ஜெபத்தை ஆரம்பிச்சது யாரு? ரூல்படி அந்த ஆளுக்கு ரெண்டு வருஷம் எந்த யூனிட்லயும் வேலை கிடையாது."

ஐயா தொண்டையைச் சரிசெய்தார். "அது... யாரும்னு இல்லைங்க. தானா வந்த பழக்கம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. உண்மையிலேயே எனக்கு வழிவிட்டார். கம்பத்தின் அட்டை பிழைத்துவிட்டது. நான் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. உட்கார்ந்தால் போதும். செயலாளர் 'தானாக வந்த' என்று எழுதத் தொடங்கியிருந்தார்.

"தானா வரலைங்க."

பேனா நின்றது.

"மூணாவது படத்துல பன்னெண்டு மணி நேரம் முடிஞ்சு, ஒரே ஒரு காட்சி பாக்கி. என்ன செய்யறதுன்னு எல்லாரும் முழிச்சுக்கிட்டு நின்னாங்க. ஆமென்லதானே நாள் தொடங்குது, மறுபடி ஜெபம் பண்ணா புதுத் தாள் எடுக்கலாமேன்னு ஒருத்தங்க சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. அவங்களுக்கு அதுக்கு முன்னாடி யாரும் கை தட்டினதில்ல."

"யாரும்மா அது?" என்றார் செயலாளர்.

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அம்மா சொன்னபடி முகத்தைப் பார்த்தேன். யாருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமோ அந்த முகத்தை.

"நான்தான் அண்ணி."