நாலாம் நாள் குழந்தை

நர்ஸ் தவோங்கா தன் வீட்டை எட்டிப் பார்த்தே இரண்டு நாளாகிவிட்டது. அவளுக்கு மாற்றாக வர வேண்டிய நர்ஸ், பயிற்சிக்கென்று தலைநகர் லிலொங்வே போனவள் இன்னும் திரும்பவில்லை. ஏரிக்கரையில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவம், மலேரியா, தடுப்பூசி எல்லாம் அவள் ஒருத்தி தலையில்.

பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்த காலையில் லுசுங்கு வந்தாள். நான்கு நாள் முன்பு இங்கேதான் தலைப்பிள்ளை பெற்றாள்.

"தையல் போட்ட இடம் வலிக்குது சிஸ்டர். உட்கார முடியல."

"பிள்ளை எப்படி இருக்கான்?"

"தங்கம். ஒரு தொந்தரவும் இல்ல. ராத்திரி பகல்னு தூங்குறான். பக்கத்து வீட்டுக்காரிக்கு வயிறெரியுது."

தவோங்கா வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வாயெடுத்தாள். அவள் முழங்கை பட்டு, மேசை ஓரத்தில் இருந்த எஃகுத் தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. பெஞ்சில் இருந்த குழந்தைகள் வீறிட்டன. லுசுங்குவின் முதுகில் துணியால் கட்டியிருந்த பிள்ளை அசையவே இல்லை.

"அவனை இறக்கு."

பாதங்கள் சில்லென்று இருந்தன. மூச்சை எண்ண ஆரம்பித்தாள். நாற்பதில் கணக்கு தப்பியது. மறுபடி வாய்விட்டு எண்ணினாள். நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது.

"கடைசியா எப்ப பால் குடிச்சான்?"

லுசுங்கு யோசித்தாள். "நேத்து காலையில ரெண்டு வாய் சப்புனான். அப்புறம் தூங்கிட்டான். தூங்குற பிள்ளைய எழுப்புவாங்களா?"

தவோங்கா பிரசவப் பதிவேட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்தேதான்: பனிக்குடம் உடைந்து இரண்டு நாள் கழித்துப் பிரசவம். இரண்டு நாளாவது இங்கே வைத்துப் பார்த்திருக்க வேண்டிய பிள்ளை. கட்டில் இல்லையென்று அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டிருந்தாள்.

"உன்னை அன்னைக்கு அனுப்பியிருக்கக் கூடாது. அது என் தப்பு. இப்ப இவன் ரத்தத்துல கிருமி ஏறியிருக்கு."

லுசுங்கு அவள் முகத்தையே பார்த்தாள். "தப்பை அப்புறம் பேசலாம் சிஸ்டர். மருந்தைக் குடுங்க."

மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மழையில் பாலம் மூழ்கிவிட்டது, வண்டி நாளைக்குத்தான் என்றார்கள். டாக்டர் போனிலேயே அளவு சொன்னார். இரண்டு ஊசி. அதில் ஒரு மருந்தின் அளவு குப்பியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு கொஞ்சத்தை உறிஞ்சும்போது ஊசியின் அளவுக்கோடுகள் கண்ணுக்கு மங்கின. ஊசியைக் கீழே வைத்து, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து மறுபடி எடுத்தாள்.

"காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கோம், எங்களையும் பாரும்மா," என்றார் வெளியே ஒரு பெரியவர்.

"உமக்கு முட்டிவலிதானே, செத்தா போயிடுவீர்? சும்மா இரும்," என்றாள் பக்கத்தில் இருந்த மீன்காரி.

மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டு, பீய்ச்சிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். பிள்ளையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துப் போர்த்திக் கட்டினாள். சாயங்காலம் வரை எந்த மாற்றமும் இல்லை. மறுநாள் வண்டி வந்தபோது கால்களில் சூடு ஏறியிருந்தது. மூச்சிரைப்பு மட்டும் அடங்கவில்லை.

தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வண்டி போனதும் பதிவேட்டை மறுபடி எடுத்தாள். அதே வாரத்தில் பனிக்குடம் முன்னாலேயே உடைந்த இன்னொருத்தி இருந்தாள். மூன்றாம் நாள் மாற்று நர்ஸ் வந்து சேர்ந்ததும், வீட்டுக்குப் போகாமல் கரையோரமாக ஒரு மணி நேரம் நடந்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். பிள்ளை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"என்ன சிஸ்டர், வழி தவறிட்டீங்களா?" என்று சிரித்தாள் அந்தத் தாய்.

பாயில் உட்கார்ந்திருக்கும்போதே லுசுங்குவிடமிருந்து போன் வந்தது. "குழாயை எடுத்துட்டாங்க சிஸ்டர். இன்னும் ஒரு வாரம் ஊசி போடணுமாம்."

"பாதியில நிறுத்திட்டு வந்துடாதே."

"வரமாட்டேன்."

அந்த வீட்டார் அவள் முன்னால் சோளமாவுக் களியான ன்சிமாவும் வறுத்த மீனும் வைத்தார்கள். தவோங்கா இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவதை உருட்டிக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். யாரும் எழுப்பவில்லை.