மேற்கு எந்தப் பக்கம்?

கடலூர் உப்பனாற்றங்கரையில் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளிக்கு 2008இல் கல்வி அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். நான்காம் வகுப்பில் நுழைந்தவர், "மேற்கு எந்தப் பக்கம்?" என்று முன்வரிசையில் இருந்த சிறுமி அஞ்சலையைக் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, அக்கரையில் புகைந்துகொண்டிருந்த ரசாயனத் தொழிற்சாலையைக் காட்டினாள்.

"மருந்து நாத்தம் வர்ற பக்கம் சார்."

அதிகாரியின் முகம் சிறுத்துவிட்டது. "சூரியன வச்சிதான் திசை சொல்லணும். இதென்ன பழக்கம்?"

"அவ காட்டுன திசை சரிதான சார்?" என்றாள் ஜான்சி டீச்சர்.

"சரியா இருந்தா? நாத்தம் கீத்தம்னு பேச விடுவீங்களா? இந்தப் படத்தக் குடுத்ததே அந்தக் கம்பெனிதாம்மா."

சுவரில் 'காற்றைக் காப்போம்' என்ற வண்ணப்படம் பளபளத்தது. ஜான்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி வகுப்பு இருமிக்கொண்டே பாடம் படிக்கிறது. அதைப் பற்றி இந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. அதிகாரி கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சட்டென்று ஜன்னலுக்கு முதுகைத் திருப்பினார்.

ஜான்சி பிள்ளைகளைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "சார் இப்ப எந்தப் பக்கத்துக்கு முதுகு காட்டிக்கிட்டு நிக்கிறாரு? எல்லாரும் சொல்லுங்க."

வகுப்பே கத்தியது.

"மேற்கு டீச்சர்!"