குறுக்கே நிற்காத அப்பா

இறந்துகிடந்த பெரியதம்பியின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு நிமிர்ந்த அவருடைய அக்கா பேச்சியம்மாள், "தம்பி மூஞ்சி தெளிஞ்சாப்ல இருக்கே. யாரு தாயி சவரம் பண்ணிவிட்டது?" என்று கேட்டாள்.

பெரியதம்பியின் மகள் ரஞ்சிதா வாசல் பக்கம் பார்த்தாள். நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டவன் ரெக்ஸ். ஓசூர் சிப்காட்டில் அவளோடு வேலை பார்ப்பவன். இப்போது கம்பெனி ஆட்களோடு வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றிருந்தான்.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவன் கேட்டு வெகுநாளாயிற்று. அவளுக்கும் அவனைப் பிடிக்கும். ஆனால் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள். அம்மா இருந்தவரை அந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. "சோறு இருக்கான்னு கேளு" என்பதுகூட ரஞ்சிதா வழியாகத்தான் போய்வரும்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் காதல் காமெடிப் படம் என்றால் அப்பா நகரமாட்டார். காதலர்கள் நெருங்கும் கட்டத்தில் ரஞ்சிதா அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒருநாள் அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் புள்ள அவன விட்டுட்டு ஓடுதுல்லா, எல்லாரும் சிரிக்காங்க. எனக்குச் சிரிப்பு வரல தாயி. வீட்டுல என்னத்தப் பாத்து வளந்தாளோ."

அவள் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

நேற்று ரெக்ஸ் தாடையைப் பிடித்து நுரையை வழித்துக்கொண்டிருந்தபோது அப்பா அவளைப் பார்த்தார்.

"படத்துல அப்பன்காரன் குறுக்க நிப்பான். இங்க நான் நிக்கல. நீதான் நிக்க."

"பேசாதீங்கப்பா, வெட்டிரும்" என்றான் ரெக்ஸ். மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள். சாயங்காலம் அவர் போய்விட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது, அழுகைக்கு நடுவிலும் அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"யாருன்னு கேட்டேனே" என்றாள் அத்தை.

ரஞ்சிதா எழுந்து வாசலுக்குப் போனாள். "உள்ள வாங்க ரெக்ஸ்."

"உங்க சொந்தக்காரங்க எல்லாம் இருக்காங்க…"

"இருக்கட்டும்."

அவனை அத்தையின் முன்னால் நிறுத்தினாள். "இவருதான் அத்த. அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும்" என்றாள்.

பேச்சியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குனிந்து தம்பியின் கன்னத்தைத் தடவினாள்.

"ஒரு கீறல்கூட இல்ல. நல்லாருய்யா. நீயும் ஒரு பக்கம் தோள் குடு."

பாடையைத் தூக்குமுன் ரெக்ஸ் கைக்கடிகாரத்தைக் கழற்றி, யாரிடம் கொடுப்பது என்று பார்த்தான். ரஞ்சிதா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வாரில் அவன் மணிக்கட்டின் சூடு இருந்தது. ஊர்வலம் தெருமுனை திரும்பி மறையும்வரை அவள் விரல்களை விரிக்கவில்லை.