இரண்டு முறை சுருக்கிய நாடா

குரங்கணிக்கு மேலே இருந்த எங்கள் ஏலக்காட்டை என் கணவர் கலீபுல்லா நான்கு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அங்கே களையெடுத்த பெண்ணின் பெயரை வைத்திருந்தார். கடைசித் துண்டு வேலுத்தாய் காடு. எழுபதுகளின் கடைசியில் இலைகளில் வெளிர்கோடு விழும் நோய் வந்து, மற்ற மூன்று காடுகளிலும் தூர் தூராகச் செடிகள் பட்டுப்போயின. வேலுத்தாய் காட்டில் மட்டும், செத்த செடிகளுக்கு நடுவே சில தூர்கள் ஒன்றும் நடக்காததுபோல நின்றன.

அந்தக் காட்டின் ஒவ்வொரு தூருக்கும் எண் அடித்த தகரத்துண்டு ஒன்றைக் கட்டினார். எது நோய்க்குத் தப்பியது, எது தப்பியும் காய்க்கவில்லை, எது இரண்டிலும் நின்றது என்று வருடக்கணக்காகப் பார்த்துவந்தார். தேறிய தூர்களைப் பிரித்து மலை முழுவதும் நடவேண்டும் என்பது அவர் ஆசை. வெறும் கண்ணுக்கு எல்லாத் தூரும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

போடியில் எங்கள் ஏலக்காய்க் கடைக்கு எண்பத்தெட்டில் கம்ப்யூட்டர் வந்தது. கணக்குக்காக என்று வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அது காட்டுக்கு ஆனது. மலையில் கிறுக்கிய சீட்டுகளை நான் வாசிப்பேன், அவர் ஒற்றை விரலால் தட்டுவார். தட்டி முடித்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். "இனி அது உள்ள பத்திரமா இருக்கு சுல்தானா" என்பார்.

உள்ளே இருப்பது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று மதுரையிலிருந்து ராஜாராம் என்ற என்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் உள்ளே இருப்பதை நகல் எடுத்துவைக்க ஒரு நாடா எந்திரமும், கேசட் மாதிரி நாடா ஒன்றும் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரில் நாங்கள் சேர்த்து வைத்திருந்தது நாடா பிடிக்கும் அளவைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே சுருக்கித்தான் எழுதவேண்டும். அதற்கு இரண்டு வழி சொன்னார்.

"கம்ப்யூட்டருக்குள்ள இந்தக் கார்டை மாட்டினா நாடா ஓடும்போதே அதுவே சுருக்கிரும் பாய். சட்டுன்னு முடியும். ஆனா பிரிக்கிறதுக்கும் இதே கார்டு வேணும். இல்லேன்னா புரோகிராம் வச்சுச் சுருக்கலாம். மணிக்கணக்கா ஆகும். ஆனா எந்த மெஷின்லயும் பிரிச்சுக்கலாம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"கார்டு போதும்ணே" என்றார் என் கொழுந்தன் சாதிக் பாட்சா. "மணிக்கணக்கா இதுக்குக் காவல் இருக்கவா? சோலி கெடக்கு."

"கார்டு எரிஞ்சு போச்சுன்னா? அதே மாதிரி இன்னொண்ணு தேடி மெட்ராசுக்கு நீ போவியா?"

"போறேன். அப்படியே ஒரு பிரியாணியும் தின்னுட்டு வர்றேன்."

"தின்னுட்டு அங்கயே கெட. வரவே வேணாம்."

"பாத்தீங்களா மதினி, தம்பியை விட அண்ணனுக்குச் செடிதான் பெருசு."

நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். சிரித்துவிட்டேன். என் கணவர் தாடியைத் தடவிவிட்டு, "ஏன் தம்பி, ரெண்டையும் போட்டா?" என்று ராஜாராமைக் கேட்டார்.

"ஒண்ணு போதும் பாய். ஏற்கெனவே சுருங்கினதைத் திரும்ப என்னத்தச் சுருக்க?"

"அதெப்படி? மலையில ஸ்டோர்ல சூடு போட்டுக் காய வச்சுத்தான் காயை இறக்குறோம். இங்க மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி மறுபடி சூடு காட்டலையா? அப்பவும் கொஞ்சம் எடை இறங்கத்தானே செய்யுது."

"ஆமா, மழைக்காலத்துல ரெண்டாம் சூடு காட்டாத காய் பூஞ்சை பூத்துப் போகும்" என்று சாதிக்கும் சேர்ந்துகொண்டார். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் ஒரே நொடியில் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள். ராஜாராமுக்கு மதுரை பஸ்சைப் பிடிக்கவேண்டிய அவசரம். "உங்க இஷ்டம்" என்று இரண்டையும் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் புறப்படும் முன் என் கணவர் நாடாவை ஓடவிட்டுக் கடையைப் பூட்டினார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது கரண்ட் இல்லை, திரை இருண்டு கிடந்தது. இவ்வளவு நேரத்தில் முடிந்திருக்கும் என்று நாடாவை எடுத்துத் துணியில் சுற்றி, வீட்டு அலமாரியில் குர்ஆனுக்குக் கீழ்த்தட்டில் வைத்தார். அந்த ஐப்பசியில் குரங்கணி ரோட்டில், ஜீப்புக்குள் உட்கார்ந்தபடியே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்த இத்தா முடிந்து நான் வெளியே வந்த மாதத்தில் கம்ப்யூட்டர் நின்றுபோனது. எல்லாம் பதிந்திருக்கும் உள்தட்டு கெட்டுவிட்டது என்றார்கள். எனக்குப் பதற்றமில்லை. நாடா என்னிடம் இருந்தது. நானே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

ராஜாராம் புதுத் தட்டு மாட்டி நாடாவைப் போட்டார். இங்கிலீஷ் எழுத்து வரிசையில் ஒவ்வொரு பெயராகத் திரையில் வந்தது. அக்கவுண்ட்ஸ் என்று கடைக் கணக்கு வந்தது. அன்னக்கொடி காடு, குருவம்மாள் காடு, ராமுத்தாய் காடு. அதோடு நின்றது.

"வேலுத்தாய்?" என்றேன்.

ராஜாராம் நாடாவைப் பின்னால் ஓட்டி, மறுபடி போட்டு, மறுபடி பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நாடா நெறஞ்சு போச்சும்மா. புரோகிராம் நல்லாத்தான் சுருக்கியிருக்கு. அதை வாங்கின கார்டுக்குச் சுருக்க ஒண்ணுமில்ல. ஆனா அது சும்மா இருக்காது, எழுதுற ஒவ்வொரு தடவையும் தன் குறிப்பு ஒண்ணைச் சேத்து எழுதும். அதுல பெருத்துருச்சு. எடம் பத்தலேன்னதும் இன்னொரு நாடா கேட்டிருக்கும். கரண்ட் போனதால அதை யாரும் பாக்கலை."

"ஒண்ணு மட்டும் போட்டிருந்தா?" என்று சாதிக் கேட்டார்.

"ரெண்டுல எதை மட்டும் போட்டிருந்தாலும் எல்லாம் அடங்கியிருக்கும்."

சாதிக் பாட்சா அங்கேயே மூட்டைமேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த வாரமே ஜீப்பில் மேலே போனோம். வேலுத்தாயிடம் கேட்டேன். அவள் ஒவ்வொரு தூராக நின்று பார்த்தாள். "பொய் சொல்லக்கூடாதுல்ல ஆத்தா. எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியுது. மொதலாளி நம்பரைத்தான் பாப்பாரு, எழுதுவாரு. நம்மகிட்ட எங்க சொன்னாரு?" என்றாள். தகரத்துண்டுகள் துருவேறாமல் தொங்கின. எண்கள் நன்றாகவே தெரிந்தன.

அந்த எண்களை எல்லாம் நான் வாசித்திருக்கிறேன். எந்த எண்ணுக்கு எத்தனை காய்ச்சரம், எதற்கு நோய் இல்லை என்று என் வாயால் உரக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சீட்டை வாசித்ததும் அவர் விசைப்பலகையை விட்டுவிட்டு, "இதுதான்டி ராணி!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கிறது. அன்று மின்விசிறி போட்ட சத்தம்கூட நினைவிருக்கிறது. எண் மட்டும் இல்லை.

மறுபடி வருடக்கணக்காகப் பார்த்துக் காத்திருக்க நேரமில்லாததால் எல்லாத் தூரையும் கலந்தே பிரித்து நட்டோம். அடுத்த நோயில் பாதிக்கு மேல் போயிற்று. மிச்சம் நின்றவற்றில் அவருடைய ராணி இருக்கலாம். வருடாவருடம் பூக்கும் காலத்தில் மேலே வேலுத்தாய் காட்டுக்குப் போகிறேன். ஒவ்வொரு தகரத்துண்டாகக் கையில் பிடித்து, அன்று வாசித்த குரலிலேயே எண்ணை உரக்க வாசித்துப் பார்க்கிறேன். வாசித்துவிட்டுக் கொஞ்சம் நிற்கிறேன். பிறகு அடுத்த தூருக்குப் போகிறேன்.