தார்கே காத்திருந்த பன்னிரண்டு மணி

தார்கே ரோகாயாவின் முழங்காலை மடக்கி வெள்ளைத் துணியால் கட்ட மூன்று பேர் வேண்டியிருந்தது. உயிரோடிருந்தபோதும் அவர் லேசில் மடங்கியவரல்ல. துணியின் நுனியை இழுத்துப் பிடித்திருந்த மகள் பல்மோ, தலைமாட்டில் இருந்த அலாரம் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றாகப் போகிறது. மதியத்துக்குள் உடல் ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று லாமா ஏட்டைப் பார்த்துச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் ஹிக்மத் மாஸ்டர் நீலப்பையோடு மரப்படி ஏறி வந்தார்.

போன வாரம் ஊர்க்கூட்டத்தில் விதியைச் சொன்னவரே அவர்தான். குறித்த நாளன்று நள்ளிரவு பன்னிரண்டுக்கு மூச்சிருந்தவரெல்லாம் கணக்கில் சேர்த்தி. அதற்கு முன்னால் போனவர் கிடையாது. இதைக் கேள்விப்பட்ட தார்கே, அதுவரை செத்துப்போவதாக இல்லை என்று படுக்கையிலிருந்தே வீட்டாருக்கு அறிவித்தார். கோபம் பழையது. பத்து வருஷத்துக்கு முன் கணக்கெடுக்க வந்தவர், ரோகாயா என்றால் மகர் சாதி, மகர் சாதி என்றால் மகர் மொழி என்று கேட்காமலே எழுதிக்கொண்டு போய்விட்டார். பள்ளத்தாக்கு முழுக்க அதே கதை. பிறகு காத்மாண்டுவில் அச்சான புத்தகத்தில், அந்தப் பள்ளத்தாக்கின் தாய்மொழியான காய்கே பேசுவோர் மொத்தமே ஐம்பது பேர் என்றிருந்தது.

"என் கல்யாணத்துல வந்து சண்டை போட்டவனே ஐம்பதுக்கு மேல," என்பார் தார்கே.

நேற்றிரவு பன்னிரண்டுக்கு அலாரம் வைக்கச் சொன்னார். அடித்தது. இரண்டு வாய் சாங் கள் வாங்கிக் குடித்தார். விடியுமுன் போய்விட்டார்.

மாஸ்டர் துக்கம் விசாரித்துவிட்டு மூலையில் குந்தினார். பெயர் கேட்டார், வயது கேட்டார். அடுத்த கட்டத்தைக் கேட்காமலே நிரப்பினார். பல்மோ எட்டிப் பார்த்தாள்.

"மொழி என்ன எழுதினீங்க, மாஸ்டர்?"

"மகர். நீங்க மகர்தானேம்மா."

"நீங்க ஷாஹி சாதி. உங்க வீட்டுல எத்தனை பேரு ஷாஹி மொழி பேசுறீங்க?"

அதற்குள் உடலைப் பாடையில் ஏற்றித் தூக்கியிருந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டு, இடம் நினைவு வந்து இருமினான்.

அடித்து எழுதினால் மேலதிகாரிக்கு விளக்கம் எழுத வேண்டும் என்றார் மாஸ்டர். ஒரு ஆள்தானே, அதுவும் இல்லாத ஆள். சித்தப்பா ஆங்துக்கும் நேரமாகிறது என்று முணுமுணுத்தார். சாவு வீட்டில் இதெல்லாம் ஒரு வழக்கா?

பல்மோ போய் வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்கு வாசல் ஒன்றுதான்.

"உங்க அண்ணன் ராத்திரி யாருக்காகச் சித்தப்பா மூச்சைப் பிடிச்சிட்டுக் கிடந்தாரு? சரியா எழுதினா எடுத்துட்டுப் போங்க. இல்லைன்னா அப்பா இங்கயே இருக்கட்டும்."

ஆங்துக் அவளைப் பார்த்தார். பாடையைப் பார்த்தார்.

"இறக்குங்கடா," என்றார்.

இறக்கினார்கள். லாமா ஏட்டை மூடிவிட்டுத் தேநீர் கேட்டார். வந்தவர்கள் முற்றத்திலும் மதில்மேலும் கூரை விளிம்பிலும் சாவகாசமாக உட்கார்ந்து மாஸ்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மகர் மொழி ஓரளவு தெரிந்தும் அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அது மகர் மொழியல்ல என்பதில் மட்டும் இனி அவர் சந்தேகப்பட நியாயமில்லை. குத்துமதிப்பாகப் பார்த்தாலும் ஐம்பதைத் தாண்டும்.

மாஸ்டர் எழுதியதை அடித்தார், ஓரத்தில் கையெழுத்துப் போட்டார், காய்கே என்று எழுதினார். எழுத்தறியாத ஆங்துக் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். பல்மோ காலை மடக்கிக்கொண்டாள்.

பெண்கள் ஆற்றங்கரைக்குப் போகும் வழக்கமில்லை. மேளச் சத்தம் சரிவில் இறங்கித் தேய்ந்தது. பல்மோ அப்பாவின் சாங் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். மாஸ்டர் அடுத்த வரிக்கு வந்திருந்தார். அவள் பெயர், வயது. பேனா தாளுக்கு மேலே நின்றது.

"உன்னோட மொழி?" என்று கேட்டார்.

பன்னிரண்டுக்கு அலாரம் அடித்தது. அந்தக் கடிகாரத்துக்குப் பகலும் இரவும் தெரியாது. அதை நிறுத்த மாஸ்டர் கை நீட்டினார்.

"விடுங்க," என்றாள் பல்மோ.

அதுவாக ஓயும்வரை அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.