பிரசிடெண்டம்மா சொன்ன பதில்

வேப்பூரணி ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, ஜெயபாண்டி தன் மனைவி ரேணுகாதேவியைத் தலைவர் பதவிக்கு நிறுத்தினார். நிற்கிறாயா என்று அவளைக் கேட்கவில்லை. மனுவைக் கொண்டுவந்து நீட்டி, "இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்றார். போட்டாள். ஜெயித்த பிறகும் ஊருக்குப் பிரசிடெண்ட் என்றால் ஜெயபாண்டிதான். அவள் வெறும் பிரசிடெண்டம்மா.

ஆனால் ஜெயிக்கவைத்தது ஜெயபாண்டி இல்லை, பேச்சி. ரேணுகாவுக்கு மதினி முறை. பருத்திக் காட்டில் இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து களையெடுத்தவர்கள். "ஆம்பளைக்கிட்ட போயி நிக்க வேண்டாம்டி, இவகிட்டன்னா நேரா அடுப்படிக்கே போயி கேக்கலாம்" என்று பேச்சி வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெண்கள் ஓட்டு அப்படியே விழுந்தது.

முதல் வருஷங்கள் நன்றாகத்தான் போயின. கீழத்தெருவுக்குக் குழாய் வந்தது. யூனியன் ஆபீஸுக்குப் போனால் யாரைப் பார்க்க வேண்டும், எதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரேணுகா பழகிக்கொண்டாள். வேலை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகுதான் கட்சி வீட்டுக்குள் வந்தது. ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனாலும் ஒன்றியச் செயலாளர் காளிராஜ் தலையாட்டாமல் ஊருக்குள் ஒரு லோடு ஜல்லி வராது என்பது போகப்போகத் தெரிந்தது. ஊருக்கு ரோடு கேட்டு அவள் எழுதிக் கொடுத்தது இழுத்துக்கொண்டே போனது. ஜெயபாண்டி கரைவேட்டிக்கு மாறினார். அடுத்த தேர்தலில் யூனியன் கவுன்சிலர் சீட்டு என்று காளிராஜ் அவருக்குச் சொல்லியிருந்தார். அதன் பிறகு கூட்டங்களுக்கு அவர்தான் போனார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் கோடையில் ஊருக்கு மேற்கே பாறைக்காட்டில் கல் குவாரி வரப்போவதாகப் பேச்சு எழுந்தது. எடுக்கப்போவது காளிராஜின் மச்சான். பக்கத்து ஊரில் குவாரி ஆழம் போகப் போகக் கிணறுகள் வற்றியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். வெடி வைத்தால் வீட்டுச் சுவரெல்லாம் விரிசல் விடும். பேச்சியின் கிணறு அந்தப் பாறையை ஒட்டித்தான் இருந்தது. மானாவாரிக் காடுகளுக்கு நடுவில் கோடையிலும் தண்ணீர் கிடக்கும் கிணறு.

சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் பேச்சி பத்துப் பதினைந்து பெண்களோடு வந்தாள்.

"ரேணுகா, நாளைக்கு கிராம சபையில குவாரி வேண்டாம்னு தீர்மானம் போட்டிரு. ஊரே கையெழுத்துப் போடும். மேல போயி கேக்கிறதுக்கு நமக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

"போடுவோம் மதினி. நானே எந்திரிச்சு வாசிக்கிறேன்" என்றாள் ரேணுகா. மனதாரத்தான் சொன்னாள். எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் கொடியேற்றப் புறப்படும்போது ஜெயபாண்டி போனைப் பொத்திக்கொண்டு வந்தார். "இந்தா, அண்ணன் பேசணும்ங்கிறாரு."

காளிராஜ் அதட்டவில்லை. தங்கச்சி தங்கச்சி என்றுதான் பேசினார். "தங்கச்சி, ரோடு சேங்ஷன் ஆகிப்போச்சு. வர்ற வாரம் வேலை ஆரம்பிச்சிருவோம். இன்னைக்கு வேண்டாத தீர்மானம் எதுவும் வராமப் பாத்துக்கிருங்க. வந்துச்சுன்னா நான் எந்த முகத்தோட மேல போயி உங்க ஊருக்குக் கேக்க?"

போனை வைத்ததும் ஜெயபாண்டி சொன்னார்: "பேச்சி ஏதாச்சும் கேட்டா, இன்னைக்குக் கூட்டப் பொருள்ல இல்லன்னு சொல்லிரு. அம்புட்டுதான். ஒனக்கு ரோடு வேணுமா, வேண்டாமா?"

"நேத்துதான் அவுககிட்ட சொன்னேன்..."

"யாரு எழுதி வச்சிருக்கா?"

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம் நிறைந்திருந்தது. அவ்வளவு பேர் அதற்கு முன் கிராம சபைக்கு வந்ததில்லை. யூனியன் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரிக்கு ஒரு நாற்காலி, ரேணுகாவுக்கு ஒரு நாற்காலி. ஜெயபாண்டி பின்னால் நின்றுகொண்டார். ஊராட்சிச் செயலர் வரவு செலவை வாசித்து முடித்ததும் பேச்சி எழுந்தாள்.

"குவாரித் தீர்மானத்தை வாசிங்க."

ரேணுகா மைக்கைப் பிடித்தாள். "அது இன்னைக்குப் பொருள்ல இல்ல."

"இல்லேன்னா இப்ப சேத்துக்கிரு. நேத்து நீதான் சொன்னே, நானே எந்திரிச்சு வாசிக்கிறேன்னு."

கூட்டம் முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது. பின்னாலிருந்து ஜெயபாண்டி மெல்லச் செருமினார். பொருளில் இல்லை என்பதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நான் அப்படிச் சொல்லலையே மதினி."

மைக்கில் சொன்னதால் ஊரின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. முந்தின நாள் அவள் வீட்டில் காப்பி குடித்த பெண்கள் அங்கேயே முன்வரிசையில் இருந்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கத்துவாள், சண்டைக்கு வருவாள் என்று ரேணுகா எதிர்பார்த்தாள். பேச்சி சேலையை உதறிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் பின்னாலேயே பாதிக் கூட்டம் போய்விட்டது.

சொன்னபடி ரோடு வந்தது. முக்கில் பெரிய பிளக்ஸ் ஒன்றையும் கட்டினார்கள். அதில் காளிராஜ் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். கீழே ஓரத்தில் ரேணுகாவின் படம், அதைவிடச் சின்னதாக "ஊர்ப் பொதுமக்கள்". பஸ்ஸுக்குப் போகும்போதெல்லாம் அவள் அந்த முக்கைக் குனிந்தபடிதான் கடந்தாள்.

ஊரில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரேஷன் கடைக்குப் போனால், "பிரசிடெண்டம்மா, நீங்க முன்னால போங்க" என்று வரிசை விலகி வழிவிட்டது. முன்பெல்லாம் 'ஏத்தா ரேணுகா' என்று கூப்பிட்டவர்கள் அவர்கள். பேச்சி எதிரே வந்தால் ஒதுங்கிக்கூடப் போகமாட்டாள். யாருமே வராத பாதையில் நடப்பதுபோல நேரே நடந்து போவாள். இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அந்த ஒரு வாக்கியம் ரேணுகாவின் காதில் மைக்கின் இரைச்சலோடு கேட்கும். சோற்றைப் பிசைந்தபடி இருப்பாள்.

"ஊருக்கு ரோடு வந்திருக்கு, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே" என்றார் ஜெயபாண்டி ஒருநாள்.

"அந்த ரோட்டுலதாங்க எனக்கு நடக்க முடியல" என்றாள்.

அடுத்த கிராம சபை காந்தி ஜெயந்தி அன்று. பதவி முடிய இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. இந்த முறை அவள் கணவரிடம் கேட்கவில்லை. பொருளில் குவாரியைச் சேர்க்கச் சொல்லிச் செயலரிடம் நேரில் போய் எழுதிக் கொடுத்துவிட்டு, ஊருக்குள் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கூப்பிட்டாள். "வாறோம்மா" என்றார்கள். யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை. பேச்சியின் வீட்டில் கதவு திறந்திருந்தது. ரேணுகா வாசலில் நின்று, "மதினி, நாளைக்குத் தீர்மானம் வச்சிருக்கேன்" என்றாள். உள்ளே உரலில் இடிக்கும் சத்தம் நிற்கவில்லை.

அன்று மாலையே காளிராஜின் ஆட்கள் பைக்கில் சுற்றினார்கள். கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு நூறு நாள் வேலை கிடைக்காது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். அதிகாரி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். "கோரம் இல்லம்மா. நூறு பேராவது வேணும். தீர்மானம் போட்டாலும் செல்லாது. தள்ளி வச்சிருவோம்."

அப்போது பேச்சி வந்தாள். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் போய் உட்கார்ந்தாள். ரேணுகா எழுந்தாள். மைக்கை அதற்குள் கழற்றிவிட்டார்கள்.

"போன கூட்டத்துல நான் பொய் சொன்னேன். பேச்சி மதினி சொன்னதுதான் நெசம்."

ஜெயபாண்டி அங்கிருந்தே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வந்திருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பேச்சிதான் பேசினாள்.

"இதை அன்னைக்குச் சொல்லிருந்தா ஊரே இருந்துச்சுத்தா. இப்ப யாருக்குச் சொல்றே?"

கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்த கூட்டத்துக்கும் ஆள் சேரவில்லை. வருஷம் பிறந்ததும் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி நிர்வாகம் அதிகாரிகளின் கைக்குப் போனது. குவாரிக்கு அனுமதியும் வந்தது. பொங்கல் கழிந்து பாறைக்காட்டில் மெஷின் இறங்கியது. அதற்குள் கவுன்சிலர் சீட்டு வேறு ஒருவருக்கு என்று பேச்சு. ஜெயபாண்டி வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து காளிராஜைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சில மாதங்களில் பேச்சியின் கிணற்றில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை, விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கப் பேச்சி புறப்பட்டாள் என்று கேள்விப்பட்டு, ரேணுகா பஸ் நிற்குமிடத்துக்கு ஓடினாள்.

"நானும் வாரேன் மதினி."

பேச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வாறதுன்னா வா. பேசுறது நான்."

அருப்புக்கோட்டையில் இறங்கி வேறு பஸ் பிடித்தார்கள். வழியெல்லாம் பேச்சி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ஆனால் தன் டிக்கெட்டோடு அவளுக்கும் சேர்த்து வாங்கினாள். கலெக்டர் ஆபீஸில் வரிசை வெயில் வரைக்கும் நீண்டிருந்தது. அவர்கள் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்தவர் மனுவைப் படித்தார்.

"கிணறு வத்துதுன்னு எழுதிருக்கீங்க. அனுமதி கொடுக்கிறதுக்கு முன்னாடி ஊர்லருந்து ஆட்சேபம் ஒண்ணும் வரலையே. கிராம சபையில தீர்மானம் ஏதாச்சும் போட்டீங்களா?"

பேசுவது நான் என்று சொன்ன பேச்சி திரும்பி ரேணுகாவைப் பார்த்தாள்.

"போடல சார்" என்றாள் ரேணுகா.

"ஏன் போடல? பிரசிடெண்டா யாரு இருந்தா?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரேணுகாவுக்குக் காது மடல் சுட்டது.

"நான்தான் சார். ஊரு கேட்டுச்சு. நான் போடவிடல."

அவர் நிமிர்ந்து அவளை ஒருமுறை பார்த்தார். மனுவில் முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துப் பேச்சியிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் பேச்சி ரசீதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, "பசிக்கலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் எதிர்க் கடையைப் பார்த்து நடந்தாள். ரேணுகாவால் உடனே அவளோடு நடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் பின்னாலேயே போனாள்.