வணக்கம் சந்திரகலா

தொலைபேசியில் பேசியவருக்கு நல்ல குரல். "தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தார். "உங்க வெப்சைட்ல என் சம்சாரம் பேரு வருது. அந்த வீட்டுக்கு எந்தப் பக்கமா போவணும்னு சொன்னா போதும்." அவருக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் போளூர், கண்ணமங்கலம், வேலூர் என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார்.

எழிலரசிக்குச் சிரிப்பு வந்தது. செங்கம் சாலையில் மருந்துக்கடை மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகம், ஊரிலிருக்கும் தங்கும் விடுதிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே இணையதளம் நடத்தியது. பௌர்ணமியன்று வருகிற அழைப்புகளில் பாதி இப்படி ஏறுமாறாகத்தான் இருக்கும்.

"அப்படியெல்லாம் யார் பேரும் வெளிய வராதுங்க. அவங்கவங்க பாஸ்வேர்ட் போட்டாத்தான் தெரியும்."

"வருதும்மா. பேப்பர்ல எழுதியே வெச்சிருக்கேன், படிக்கட்டுமா?" நிதானமாகப் படித்தார். "வணக்கம் சந்திரகலா. அடி அண்ணாமலை, அருணோதயா இல்லம், அறை ஆறு. குறிப்பு, யார் வந்து கேட்டாலும் நான் இங்கே இருப்பதைச் சொல்ல வேண்டாம்." கொஞ்சம் நிறுத்தினார். "என்னத்தான் சொல்றா" என்று சிரித்தார்.

எழிலரசி போனை வைத்துவிட்டாள். பக்கத்து மேசைக் கணினியில், எந்தப் பாஸ்வேர்டும் போடாமல், அறை விவரப் பக்கத்தைத் திறந்தாள். வணக்கம் சந்திரகலா என்று வந்தது.

அந்தத் தளம் ஒரு ஃபிரேம்வொர்க்கின் மேல் நின்றது. சுவரும் கூரையும் வெளிநாட்டில் யாரோ எழுப்பி, ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தது. நமக்கு வேண்டிய அறைகளை நாமே ஒட்டிக் கட்டிக்கொள்ளலாம். அப்படி ஒட்டுவதற்கு பிளக்கின் என்று பெயர். முன்பதிவு பிளக்கினை எழிலரசியே எழுதினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் பௌர்ணமி நெருங்கினால் கூட்டம் தாங்காமல் தளம் படுத்துக்கொள்ளும். முதலாளி ராஜேந்திரனிடம் மாதாமாதம் வாங்கிக் கட்டிக்கொண்டு அலுத்துப்போய், இந்தத் தடவை இலவசமாகக் கிடைத்த இன்னொரு பிளக்கினையும் இறக்கி மாட்டினாள். அது ஒரு பக்கத்தை ஒரே தடவை தயாரித்து எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் வைத்திருந்ததையே நீட்டும். ஓட்டலில் முதல் ஆள் கேட்டதைப் பொட்டலம் கட்டி, அடுத்து வருகிற அத்தனை பேர் கையிலும் அதையே திணிப்பது போல. எல்லோருக்கும் பொதுவான பக்கமென்றால் பிரமாதமான ஏற்பாடுதான். ஆளுக்கு ஆள் மாறும் பக்கத்தை மட்டும் எடுத்து வைக்காதே என்று அதனிடம் ஒரு வரி எழுதிச் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை.

சோதித்துப் பார்க்காமலும் இல்லை. தன் பெயரிலேயே உள்ளே நுழைந்து திரும்பத் திரும்பத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் வணக்கம் எழிலரசி என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. கீழே போய்ச் சந்தோஷமாக ஒரு டீ குடித்தாள். வேறு யார் நுழைந்தாலும் அதே எழிலரசிக்குத்தான் வணக்கம் விழும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பிறகு அந்தப் பிரதியைத் துடைத்துவிட்டுத் தளத்தைத் திறந்துவிட்டாள். அதன்பின் முதலில் நுழைந்தவள் சந்திரகலா. புருஷன் அவள் பெயரைப் போட்டு இணையத்தில் தேடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். கதவில்லாமல் கிடந்த பக்கம் அவருக்குக் கிடைத்துவிட்டது.

நேற்றே ஒரு வெள்ளைக்காரர், என் பெயர் சந்திரகலா இல்லையே என்று மின்னஞ்சல் எழுதியிருந்தார். பௌர்ணமி முடியட்டும் பார்க்கலாம் என்று ராஜேந்திரன் சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

இப்போது ராஜேந்திரன் சிரிக்கவில்லை. "எடுத்து வெச்சதெல்லாம் அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன் சார். அந்த பிளக்கினையே எடுத்துட்டேன். ஆனா அவரு எழுதி வெச்சிருக்காரு சார்."

"அது நம்ம கையில இல்லம்மா. லாட்ஜ்காரங்க காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே கடைய மூடிக்க வேண்டியதுதான். புருஷன் பொண்டாட்டி வெவகாரம், நமக்கு இன்னா தெரியும்? விடு." அவர் கெட்டவர் இல்லை. அவர் முகத்திலும் பயம்தான் தெரிந்தது. அது வேறு பயம்.

அருணோதயா இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற பலராமனுக்குப் போன் போட்டாள். பின்னணியில் ஒரே இரைச்சல்.

"இப்பத்தாம்மா ஒருத்தரு பேசினாரு. ரொம்ப மரியாதையா பேசினாரு. கொழந்தைக்கு மருந்து கொண்டாந்திருக்கேன்னாரு. கோயில் தாண்டி பம்புசெட் பக்கத்துலனு வழி சொன்னேன். இன்னாமா, தப்பா?"

"அந்த அக்காகிட்ட உடனே போய்ச் சொல்லுங்கண்ணே, வேற எங்கனா போயிரச் சொல்லி."

"நான் இங்க டவுன்ல கூட்டத்துல மாட்டிக்கினு கெடக்கேன். அந்தப் பொண்ணுகிட்ட போனும் கெடையாது, பிரவுசிங் சென்டர்லதான் ரூம் போட்டுச்சாம்."

எழிலரசிக்குப் பல்லியைக் கண்டாலே ஆகாது. யாருடைய சண்டைக்கும் குறுக்கே போய் நின்றதில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எப்படிக் கிளம்பினாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. கிரிவலப் பாதை பிரியும் இடத்தில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டும்போதுதான் அந்தக் கண்டக்டரின் குரல் திரும்பக் காதில் கேட்டது. போளூர், கண்ணமங்கலம், வேலூர். அந்த வரிசையில் கூவுகிறவர் இந்த ஊர் பஸ் நிலையத்தில்தான் நிற்க முடியும். ஆள் ஏற்கெனவே வந்துவிட்டார்.

ஓட்டமும் நடையுமாகப் போனாள். வெயில் தணிந்து கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அவர் முகம் அவளுக்குத் தெரியாது. அதனால் தனியாக நடந்த ஒவ்வொரு ஆணும் அவராக இருந்தார். இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர், குழந்தைக்குப் பலூன் வாங்கியவர். எல்லோருக்கும் அந்த நல்ல குரல் இருக்கும் போலிருந்தது.

அறை ஆறின் வாசலில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற மூன்று வயதுப் பெண், எழிலரசியைக் கண்டதும் பின்னால் ஒளிந்துகொண்டது.

"கீர்த்தனா, அக்காவுக்கு வணக்கம் சொல்லு" என்ற சந்திரகலா, "புது ஆளுங்கன்னா சிரிக்க மாட்டா, கோச்சிக்காதீங்க" என்றாள்.

எழிலரசி மூச்சிரைக்கச் சொல்லி முடித்தாள். தப்பு தன்னுடையது என்பதையும் சேர்த்தே சொன்னாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தாள். சந்திரகலா கையிலிருந்த துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள்.

"பாஸ்வேர்ட் போட்டுத்தானே போனேன். நல்லா கஷ்டமானதா யோசிச்சு வெச்சேன்."

"உங்க மேல தப்பே இல்லக்கா. போலீஸுக்குப் போலாமா?"

"ஒரு தடவ போனேன். சமாதானம் பேசி அவர் கூடவே அனுப்பி வெச்சாங்க." முழங்கைக்கு மேல் இருந்த தழும்பை முந்தானையால் மூடிக்கொண்டாள். "எந்தப் பக்கமா வருவாரு?"

பஸ் நிலையத்திலிருந்து அடி அண்ணாமலைக்கு மலையின் இரண்டு பக்கமாகவும் வரலாம். எழிலரசி அதைச் சொன்னாள். தாமரை நகரில் தன் வீடு இருப்பதையும், அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள் என்பதையும் சொன்னாள்.

சந்திரகலா ஒரே ஒரு பையை எடுத்தாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. "கூட்டம் போற பக்கமே போலாம். எதிர்ல போனா எல்லா மூஞ்சியும் நம்மளத்தான் பாக்கும்."

ஈரத்துணி வாளியிலேயே கிடந்தது. தலையில் முக்காடு போட்டு, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சந்திரகலா முன்னால் நடந்தாள். பையுடன் எழிலரசி பின்னால் போனாள். மலையை வலப்பக்கம் விட்டு ஜனம் ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. முன்னால் பார்த்தால் முதுகுகள் மட்டும். யாரும் யாரையும் பார்க்கவில்லை என்பது முதலில் தைரியமாக இருந்தது. பின்னால் வருகிறவர்கள் தன் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறார்கள் என்று தோன்றியதும் அந்தத் தைரியம் போய்விட்டது.

"திரும்பிப் பாக்காதீங்க" என்றாள் சந்திரகலா, திரும்பாமலே.

நிலா இன்னும் ஏறவில்லை. ஒரு லிங்கத்தின் முன்னால் கூட்டம் தேங்கியது. இவர்களும் நிற்க வேண்டியதாயிற்று. அம்மாவின் தோளில் மோவாயை வைத்திருந்த கீர்த்தனாவின் முகம் எழிலரசிக்கு நேராக இருந்தது. இத்தனை தூரமும் கண்ணைச் சுருக்கி அவளை முறைத்துக்கொண்டே வந்த முகம். எழிலரசி லேசாகச் சிரித்துப் பார்த்தாள். குழந்தை சிரிக்கவில்லை.

பிறகு அதன் பார்வை எழிலரசியின் தோளுக்கு மேலே, பின்னால் எங்கோ போய் நின்றது. கண்கள் அகல விரிந்தன. வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, கீர்த்தனா அம்மாவின் கழுத்திலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்தி ஆட்டினாள்.